மைதானத்தை உட்கார வைத்த குரல்

முந்தாநாள் காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்று, "குணாளன் அண்ணே போயிட்டாரு" என்றார். கையிலிருந்த சட்டையைத் திரும்ப வாளியிலேயே போட்டுவிட்டேன்.

அவரை முதலில் குரலாகத்தான் எனக்குத் தெரியும். மலேசியாவில் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டு வாசலில் கூடி நிற்போம். வானொலியில் அவர் நேயர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார். ஒருமுறை என் தங்கையின் பெயரை வாசித்தார். அவள் அன்று முழுவதும் எங்கள் யாரோடும் பேசவில்லை. அவ்வளவு பெருமை.

பிறகு ஒருநாள், மைக்கை மூடிவிட்டதாக நினைத்து, மேலதிகாரி பாடினால் ஆடு கத்துவது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நாடே கேட்டது. வேலை போயிற்று.

நாங்கள் தோட்டத்தை விட்டுச் சிலிபினுக்குக் குடிவந்தபோது அவரும் அங்கேதான் இருந்தார்; வேனில் ஒலிபெருக்கி கட்டிப் படங்களுக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் வாங்கினாலும் வானொலித் தமிழ்தான்.

"அன்பரே, இந்த மீன் இன்று பிடிபட்டதா?"

"ஒங்க வேலை போன அன்னிக்கே புடிச்சதுலா, அண்ணே!" என்பார் மீன்காரர்.

அண்ணன் கோபப்படமாட்டார். "அடுத்த வருடம் வானொலியில் என்னைத் திரும்ப அழைப்பார்கள்" என்பார். கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு தைப்பூசத்தன்று, கோயில் மைதானத்தில் என் மகள் செல்வியைத் தவறவிட்டேன். ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அறிவிப்பு மேடையில் அண்ணன்தான் இருந்தார். விழுந்தடித்து ஓடினேன்.

"பேரைச் சொல்லும்மா, கூப்பிடுறேன்."

"கூப்பிட்டா அவளுக்கு எங்கண்ணே கேக்கும்?" என்று அழுதேன்.

அவர் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"பக்தப் பெருமக்களே! ஒரு பிள்ளையக் காணோம். அதுக்குக் காது கேக்காது. உங்களுக்குக் கேக்குதுல்ல? அப்படியே உக்காருங்க. காவடி எடுத்தவங்க மட்டும் நில்லுங்க."

"பூசை நேரம் அண்ணே, என்னா வெளையாட்டு இது?" என்று கோயில் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து இழுத்தார். அண்ணன் விடவில்லை. "உக்காருங்க" என்றார் மறுபடியும். அதட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை.

முன்வரிசை உட்கார்ந்தது. பின்னால் அலை போல, சேலையும் வேட்டியுமாக மைதானமே உட்கார்ந்தது. காவடிகளுக்கு நடுவே, தண்ணீர்ப் பந்தல் பக்கம், மஞ்சள் கவுன் ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது. எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு.

மகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தேன். காலில் விழப் போனேன். அவர் மெல்லக் குனிந்து, "கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சாம்மா?" என்றார். அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் செல்விக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவார். அவள் அவர் வாயையே பார்த்திருப்பாள். "இவ ஒருத்திதான் நான் பேசுறத முழுசாக் கவனிக்கிறா" என்பார். யாரைச் சொல்லிக் காட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

நேற்று அவரைத் தூக்கினார்கள். செல்விக்கு இப்போது பதின்மூன்று வயது. அதுவரை எதுவும் புரியாதவள் போல நின்றவள், சவ வண்டி நகர்ந்ததும் பின்னாலேயே ஓடி ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருந்தது என்று பெற்ற எனக்கே தெரியாது. அவளுக்கு அது கேட்டிருக்காது. தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டியும் ஒரு கணம் நின்றது.

போய் வாங்க, அண்ணே.