பெரியப்பா பிடித்த நாடா

“வழி தெரியணும்னா கண்டக்டரக் கேட்டாப் போதாதா? அதுக்கு மூணு வருசப் படிப்பா?”

திண்டுக்கல் கல்லூரியில் எனக்குப் புவியியலில் இடம் கிடைத்த அன்று பெரியப்பா கேட்டது இது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அண்ணன் எது சொன்னாலும் சிரித்துவிடுவார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை மறக்கவும் இல்லை.

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் கடலைக்காடும் பெரியப்பா காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வரப்பு. அவர் உழும்போதெல்லாம் அது எங்கள் பக்கம் ஒரு சாண் நகரும். அப்பா ஒருமுறை கேட்டதற்கு, “ஏலே, ஒனக்கு அளக்கத் தெரியுமா?” என்றார் பெரியப்பா. அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாருமில்லை.

இரண்டாம் ஆண்டில் நில அளவை கற்றுக்கொடுத்தார்கள். வெயிலில் நிற்கத் தோழிகள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வகுப்பில் பசிகூடத் தெரியாது. வேடசந்தூர் தாலுகா ஆபீஸில் எங்கள் நிலத்தின் புலப்பட நகல் வாங்கினேன். ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர் என்று அதில் இருந்தது. கல்லூரியில் எங்கள் துறையிலிருந்து அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன். பெரியப்பா அங்கே நின்றிருந்தார்.

“என்ன ஆத்தா, ஒலகத்த அளக்கப் போறியா?”

“இல்ல பெரியப்பா, காலேஜுல படம் போடச் சொல்லிருக்காக. செத்த நேரம் இந்த நுனியப் பிடிங்க.”

“இம்புட்டுத்தானா ஒம் படிப்பு?” என்று வரப்பில் குந்தி, நாடாவை இறுக்கிப் பிடித்தார். எங்கள் நிலத்தின் மறுகோடியில் இருந்த எல்லைக்கல்லருகே நின்று எண்ணைப் படித்தேன். புலப்படத்தில் உள்ளதைவிட நாலு மீட்டர் குறைவு. மூன்று இடங்களில் அளந்தேன். மூன்றிலும் அவரே பிடித்தார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனு எழுதி நீட்டியதும் அப்பாதான் பயந்தார். “விட்ரு ஆத்தா. அண்ணன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?”

“அவரு ஒங்க மொகத்துல முழிக்கிறாருல்ல?”

கடைசியில், மைப்பெட்டி எங்கே என்று அப்பாவே கேட்டார்.

நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டுத் தரக் கோரி, திங்கட்கிழமை மனுக் கொடுத்துவிட்டேன். கீழே அப்பாவின் கைநாட்டு. பக்கத்து நிலத்துக்காரர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயரைத் தலைப்பெழுத்தோடு பிழையில்லாமல் எழுதினேன். சர்வேயர் அளக்க வருமுன் அவருக்கு நோட்டீஸ் வரும். சர்க்கார் காகிதம் எது வந்தாலும் அவர் என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்.