ஒன்பதாவது கேள்வியோடு வில்லியனூரிலிருந்து குருவிநத்தம் வரை

கிராமங்களில் குழந்தைப் பருவம் எப்படி மாறிவருகிறது என்பது என் பகுதி நேர முனைவர் பட்டத்துக்கான தலைப்பு. கேட்பவர்கள் எல்லோரும் "அருமையான தலைப்பு" என்பார்கள். வேலை என்று இறங்கினால் நானூறு குழந்தைகளிடம் இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும். தாளைக் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்வதா, எதிரே உட்கார்ந்து வாயால் கேட்டு நான் எழுதிக்கொள்வதா என்று ஒரு வருடமாக முட்டி மோதிக்கொண்டிருந்தேன். என் நெறியாளர் பொறுமை இழந்துவிட்டார். இரண்டையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை முடிவோடு வா, இல்லாவிட்டால் இந்த வருடமும் போச்சு என்றார். அதனால்தான் பிப்ரவரியில் ஒரு வெள்ளியும் சனியும் திருச்சியிலிருந்து புதுச்சேரி வந்தேன். இதே மாதிரிக் கள ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

வெள்ளி காலை 8.10க்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் வில்லியனூர் பஸ். ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். முன்பே அனுமதி வாங்கியிருந்த பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். வகுப்பாசிரியர் நல்ல மனிதர், என்னை விடவும் ஆர்வமானவர். பெஞ்சுக்கு இரண்டு பேராகப் பிரித்து உட்காரவைத்து, பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது என்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், என் ஆய்வு பரீட்சை ஆகிவிட்டது. பிள்ளைகள் தாளில் மார்ஜின் போட்டார்கள். பெயர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியும் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதினார்கள். தப்பாக எழுதினால் மார்க் குறையுமா என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். இதில் தப்பே கிடையாது என்றேன். அவள் நம்பவில்லை.

ஆனாலும் இருபத்தைந்தே நிமிடத்தில் முப்பத்து நான்கு தாள்கள் கையில் இருந்தன. டீக்கடையில் உட்கார்ந்து புரட்டியபோது ஒன்பதாவது கேள்வியில் கண் நின்றது. 'வேறு மாநிலத்துக்குப் போயிருக்கிறாயா? எத்தனை முறை?' பெரும்பாலான தாள்களில் 'பல முறை' என்று இருந்தது. ஒருவன் 'எண்ணவில்லை' என்றே எழுதியிருந்தான். நான் கல்லூரியில் சேரும்வரை திருச்சி மாவட்டத்தைத் தாண்டாதவள். இந்தத் தலைமுறை எவ்வளவு ஊர் சுற்றுகிறது என்று புல்லரித்துப் போனேன். அங்கேயே அச்சகத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை நானூறு பிரதி என்று சொல்லிவைத்தேன். சனிக்கிழமை வேலை வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர். பஸ்ஸுக்கு இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். பாகூரிலிருந்து குருவிநத்தத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். டிரைவர் என் கையிலிருந்த கட்டைப் பார்த்து ஓட்டுக் கணக்கா என்று கேட்டார். குழந்தைகளைப் பற்றிய கணக்கு என்றேன். எங்கள் வீட்டிலும் இரண்டு இருக்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது போனை விட்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் போனது, திருச்சிக் கல்லூரியில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் சித்தி செல்வி வீட்டுக்கு. அவருடைய மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வி வந்தது.

"டெய்லி போறேன் மிஸ்," என்றாள் யாழினி.

தினமும் எப்படிப் போக முடியும் என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஸ்கூலு கடலூர் பக்கம் மிஸ். வேன் எல்லை தாண்டினா தமிழ்நாடு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் கடைக்கும் போகிற பிள்ளைகள் வாரத்துக்கு நாலு தடவை மாநிலம் மாறுகிறார்கள். வில்லியனூர்ப் பிள்ளைகள் ஒரு பொய்யும் எழுதவில்லை. கேரளாவையும் கர்நாடகாவையும் மனதில் வைத்துக் கேட்டது நான். தாளிடம் திருப்பிக் கேட்க முடியாது, யாழினியிடம் கேட்க முடிந்தது.

பதினான்காவது கேள்வி, 'தனியாக எங்கெல்லாம் போவாய்?' இதற்குச் செல்வி முந்திக்கொண்டார். எங்கேயும் அனுப்புவதில்லை, கரும்பு டிராக்டர் கண்மண் தெரியாமல் வருகிறது என்றார். தெருக்கோடிக் கடைக்கு? அதுவும் இல்லை. தினமும் மாநில எல்லை தாண்டுகிற பெண் தெருக்கோடிக்குத் தனியாகப் போனதில்லை. 'போனதில்லை' என்று எழுதினேன்.

கேள்விகள் முடிந்ததும் காபிக்குப் பால் இல்லை என்று செல்வி எழுந்தார். மிஸ்ஸோடு நான் போகிறேனே என்றாள் யாழினி. கையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று செல்வி என்னிடம் சொன்னார், நானும் சரி என்றேன். பாதி வழியில், கரண்ட் கம்பத்தருகே அவள் கையை உருவிக்கொண்டாள்.

"மிஸ், நீங்க இங்கயே நில்லுங்க. நான் போய்ட்டு வரேன்."

கடை அங்கிருந்து நாற்பது அடி. வண்டி எதுவும் இல்லை. செல்விக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் நின்றேன். அவள் மிக நிதானமாக நடந்து போனாள். பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தவள் முதலில் சொன்னது இதைத்தான்:

"போனதில்லன்னு எழுதினீங்க இல்ல? அத அடிச்சிடுங்க."

கம்பத்தில் தாளை வைத்து அடித்தேன். வீட்டில் செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நீங்க சாயங்காலம் பஸ் ஏறிடுவீங்க மேடம். நாளைக்கும் இவ கேப்பா. அப்ப அந்தக் கம்பத்தாண்ட நாந்தான் நிக்கணும்," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அச்சகத்தில் நானூறு பிரதியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் வாயால் கேளுங்கள், ஒரு குழந்தைக்கு முக்கால் மணி நேரமாவது வையுங்கள். 'மாநிலம்', 'வெளியூர்' மாதிரி வார்த்தைகளை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டிய பிறகு எழுதுங்கள். வீடுகளுக்குச் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் போனால் பிள்ளைகள் கிடைப்பார்கள். குருவிநத்தத்திலிருந்து பாகூர் திரும்ப ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள், ஊருக்குள்ளே காத்திருந்து பிடிப்பது கஷ்டம்.

முறைப்படி யாழினியின் தாள் செல்லாது. கேள்வி கேட்கப் போன நானே பதிலை மாற்றிவிட்டேன். ஆனால் வாயால் கேட்பதென்றால் நூற்றிருபது பேரோடு நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று திங்கட்கிழமை நெறியாளர் முன் நின்றபோது, காரணம் கேட்டவரிடம் கடைக்குப் போன கதையைச் சொல்லி அந்தத் தாளைத்தான் நீட்டினேன். அடித்திருந்த வரியைப் படித்துவிட்டு, எவ்வளவு தூரம் போனாள் என்று கேட்டார். நாற்பது அடி என்றேன். நூற்றிருபதுக்குக் கையெழுத்துப் போட்டார்.