திருகின் மேல் ஒரு சிவப்புக் கோடு

மெக்கானிக்கிடம் அன்று போனில் நான் பேசியதை அப்படியே எழுதினால், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் வாயில் வரும் பேச்சா இது என்று கேட்பீர்கள். "உனக்குப் பிள்ளைங்க இல்லியா?" என்று கத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. போளூருக்கு இறங்கும் மலைப் பாதையின் வளைவில், மேட்டுப் பக்கக் கால்வாயில் மூக்கைக் குத்தி நின்ற காரின் அருகில் நின்று கத்தினேன். என் மகள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, வீங்கத் தொடங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் ஆகிறது. கோபம் துளிகூடக் குறையவில்லை.

என்னைவிட வயதான கார் அது. கண்ணமங்கலத்தில் ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் கோழிகள் அடைந்துகிடந்ததை வாங்கி, லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தாள் மகள். எனக்கு அன்றே பற்றிக்கொண்டு வந்தது.

"இருபத்து நாலு வயசுப் பொண்ணு வாங்குற பொருளா இது?"

"கல்யாணப் பேச்சு எடுக்காம திட்டும்மா, கேட்டுக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போளூரிலிருந்து மெக்கானிக் வருவார். இன்ஜின், பிரேக் எல்லாம் முடித்து, கடைசியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். சக்கரம் அசையாமலே ஸ்டீயரிங் ஒரு சாண் ஆடியது. தேய்ந்த மூட்டுகளை மாற்றிவிட்டு, ஸ்டீயரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகைச் சிறுகச் சிறுக இறுக்கினார் அவர். ஆட்டம் இரண்டு விரல் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்றேன்.

"வேணாம் டீச்சர். பழைய வண்டிக்கு இவ்ளோ ஆட்டம் இருந்தாத்தான் நல்லது."

மகளிடம் நகப் பாலிஷ் கேட்டு வாங்கி, திருகுக்கும் அதைப் பூட்டும் நட்டுக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். "இதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்று என்னைப் பார்த்தே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு விரல் ஆட்டம். அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். பக்கத்தில் பள்ளம் எங்கே, தடுப்புச் சுவர் உடைந்திருப்பது எங்கே என்பதும் தெரியும். இரண்டு விரல் போதாதா ஒரு பெண்ணைக் கொண்டுபோக?

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் காரில் ஏறி உட்கார்ந்தேன். வீட்டு வாசல் சரிவு. எங்கள் மலையில் சரிவில் வண்டி நிறுத்துகிற எவரும் முன் சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி ஒடித்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பார்கள். வண்டி உருண்டால் மேட்டில் முட்டி நிற்கட்டும் என்று. மகளுக்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் நான்தான். அன்றும் சக்கரம் ஒடித்துத்தான் நின்றது.

ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு விரலா? நாலு விரல் ஆட்டம். ஏமாற்றிவிட்டான் என்று தலைக்கு மேல் ஏறியது. அவர் செய்ததைப் பார்த்திருக்கிறேனே, பெரிய வித்தையா? நட்டைத் தளர்த்தினேன். ஆட்டம் அடங்கும்வரை திருகை இறுக்கினேன். நட்டை மறுபடி முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தோசை சுடப் போனேன்.

சனிக்கிழமை முதல் பயணம். நான் பக்கத்து சீட்டில்.

"இன்னாமா, திடீர்னு டைட்டா கீது?" என்றாள் மகள்.

"புது கிரீஸ் இல்லியா, போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

அவளை ஏமாற்ற அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

நாலாவது வளைவில் அவள் திருப்பினாள். வளைவு முடிந்தது, ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். எதிரே புளி மூட்டை ஏற்றிய மினி லாரி. கார் திரும்பிய வாக்கிலேயே மேட்டுப் பக்கக் கால்வாயில் இறங்கியது. அந்த வளைவு மறுபக்கம் வளைந்திருந்தால்? இந்த இடத்துக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் பேனா நின்றுவிடுகிறது.

லாரிக்காரர்கள் கயிறு கட்டிக் காரை இழுத்துவிட்டார்கள். மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தார். பானெட்டைத் திறந்தார். சிவப்புக் கோடு இரண்டு துண்டாக விலகியிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா" என்றார் என் மகளிடம். "ஒரு சுத்து அதிகமா இறுக்கிட்டேன் போல."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் பொய் சொல்றீங்க? நான்தான் திருகினேன்!" என்று அவரையே அதட்டினேன், அதுவும் அவர் குற்றம் என்பது போல.

"திருகறப்போ வண்டி எப்படி நின்னுச்சு?" என்றார்.

"சரிவுல. சக்கரத்தை ஒடிச்சு."

நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ டீச்சர், ஒடிச்சு வெச்சா ஆட்டம் ஜாஸ்தியாத்தான் தெரியும். நேரா வெச்சுத்தான் திருகணும். பெட்டிக்குள்ள சக்கரப் பல்லு நடுவுலதான் நெருக்கமா கீது. நீங்க ஓரத்துல வெச்சு இறுக்குனது, நடுவுக்கு வர்றப்போ கவ்விக்கிச்சு."

மகள் கல்லிலிருந்து எழுந்தாள். "நான் செத்திருந்தா இவரத்தானம்மா போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருப்பே?"

நான் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.

"சொல்லு. குடுத்திருப்பே இல்ல?"

"குடுத்திருப்பேன்" என்றேன்.

சக்கரத்தை நேராக்கி, அங்கேயே திருகைத் தளர்த்திச் சரிசெய்து, மெக்கானிக்தான் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தார். மகள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில். பிறகு ஒருநாள் போனில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க டீச்சர், எங்க வூட்லயும் இப்படித்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்.

இப்போது திருகின் மேல் புதுக் கோடு இருக்கிறது. மகளே இழுத்தது. சனிக்கிழமைகளில் அவள் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பார்க்கிறேன். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிகிறேன். அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கோடு நேரா கீதாம்மா?"

"கீது" என்று சொல்லிவிட்டு, பின் சக்கரத்துக் கல்லை எடுக்கிறேன்.