சக்கரை மாத்திரை

எண்பதுகளில், விழுப்புரத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மிதப்பு.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு விவசாயியை அனுப்பியிருந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிவு. கூட அவர் மனைவி. கொண்டுவந்த சீட்டில் எலும்பு முறிவைப் பற்றி மட்டும்தான் இருந்தது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தம்மாவைக் கேட்டேன்.

"தெனமும் சக்கரை மாத்திரை போட்டுக்கினு இருக்காருங்க" என்றார்.

சர்க்கரை நோய் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். எந்த மாத்திரை, காட்டுங்கம்மா என்று கேட்கத் தோன்றவில்லை. அவசரம், வேறென்ன! டாக்டரும் ரத்தம் சோதிக்காமலே அதை நம்பி சர்க்கரைக்கு மாத்திரை எழுதினார். மறுநாள் காலையில் என் கையால்தான் கொடுத்தேன். வலியில் மனுஷன் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மத்தியானம் அந்தம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார். போய்ப் பார்த்தால், வேர்வையில் தொப்பலாக நனைந்து கிடக்கிறார், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, எத்தனை வருஷமாக சர்க்கரை என்று கேட்டார்.

"ஐயோ, அந்த வியாதியெல்லாம் இல்லீங்க!" என்று அந்தம்மா பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே கடுகு மாதிரி வெள்ளை உருண்டைகள். மூச்சிரைப்புக்காக மயிலத்தில் ஒரு ஹோமியோபதி வைத்தியர் கொடுத்தது. தித்திப்பாக இருப்பதால் அவர்கள் வீட்டில் அதற்குப் பேர் சக்கரை மாத்திரை.

அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

உடலை வண்டியில் ஏற்றும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிக்காதவ, சரியா சொல்லத் தெரியலியே சிஸ்டரு, நானே கொன்னுட்டேனே" என்று அழுதார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம். பேசாமல் நின்றேன், பாவி.

அதற்குப் பிறகு, எங்கிருந்து யார் வந்தாலும், மாத்திரையைக் கண்ணால் பார்க்காமல், எந்த வியாதிக்கு என்று கேட்காமல் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. கெட்டிக்கார நர்ஸ் என்று பேர்கூட வாங்கினேன். ஆனால் அந்தம்மா, தானே புருஷனைக் கொன்றதாக நம்பிக்கொண்டுதான் மிச்ச காலத்தைக் கழித்திருப்பார். ஒரே ஒரு வார்த்தையில் அந்தப் பாரத்தை நான் இறக்கியிருக்கலாம், இறக்கவில்லை.