தேனில் குழைத்த மஞ்சள் பொடி

போன வாரம் மகள் சுதாவை விருத்தாசலத்தில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திட்டக்குடி. மேடையில் போட்டோகிராபர் சிரிக்கச் சொல்வாரே... அதுதான் கவலை.

கவலை அவளுக்கு இல்லை. எனக்கு.

சுதாவின் பற்கள் பழுப்பும் சாம்பலுமாக, பட்டை பட்டையாக இருக்கும். பால் பல் விழுந்து முளைத்தபோதே அப்படித்தான். "ஒழுங்கா தேய்க்கிறதில்ல" — இருபது வருடமாக இதுதான் என் தீர்ப்பு. டீயை நிறுத்தினேன். பேஸ்ட்டை மாற்றினேன். பக்கத்திலேயே நின்று, ஈறில் ரத்தம் வரும்வரை தேய்க்க வைத்திருக்கிறேன். உதட்டை மூடிக்கொண்டே சிரிக்க அவள் எப்போது பழகினாள்? நான் கவனிக்கவே இல்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். டீ, வெற்றிலை, புகையிலை, இரும்புச்சத்து டானிக், சில மவுத்வாஷ் — இவற்றின் கறை பல்லுக்கு மேலே படிவது. கிளீன் செய்தால் பெரும்பாலும் போய்விடும். இது உள்ளேயே ஏறிய நிறம். பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் மாதிரி மருந்து கொடுத்தால் இப்படி ஆகுமாம். அதனால் எட்டு வயதுக்குள் அதைப் பொதுவாகத் தவிர்ப்பார்களாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சின்ன வயசுல அந்த மாதிரி ஏதாச்சும் குடுத்தீங்களா சார்?"

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

பொய். நன்றாக ஞாபகம் இருந்தது.

நாலைந்து வயதில் அவளுக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி. டாக்டரிடம் காட்டலாம் என்பாள் என் மனைவி. எதற்கு? எனக்கு ஒருமுறை சளிக்குக் கேட்ட மருந்துதான் இருக்கிறதே! மெடிக்கலில் அதையே வாங்கி வந்து, கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பொடியில் பாதியைத் தேனில் குழைத்து நானே அவள் நாக்கில் தடவுவேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை... இரண்டு மழைக்காலம்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும் முன் அவளிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஹெல்மெட் வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சுதா பீங்கான் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். மண்ணோடு கலந்த நிறம் எது, மேலே பூசிய நிறம் எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். டாக்டர் சொன்னது அவளுக்கு எனக்கு முன்பே புரிந்திருந்தது.

"நீங்க வேணும்னு செய்யலப்பா, அது பரவால்ல. ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அந்தக் கசப்பு எனக்கே ஞாபகம் இருக்குது."

டாக்டர் சொன்ன செராமிக் உறை போட்டுவிடலாமா என்று தடுமாறிக் கேட்டேன். இப்போது வேண்டாம், இந்தப் பல்லைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை சம்மதித்தார் என்றாள். பிறகு,

"பல்லு தேய்க்க சோம்பேறின்னு என்னப் பத்தி எழுதி ஊரையே சிரிக்க வச்சீங்கல்ல... அத மாத்தி எழுதுங்கப்பா" என்றாள்.

ஆமாம், எழுதினேன். இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில்தான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார். அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஃபைலில் எழுதிக்கொண்டார். அடுத்து, உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் மகள் ஒழுங்காகத்தான் தேய்த்தாள். தினமும் இரண்டு வேளை.