ஸ்ட்ரால்சுண்டில் குடித்த கூழ்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது இதுதான். 2006 நவம்பர், ஒரு சனிக்கிழமை நண்பகல், ஜெர்மனியின் கடற்கரை நகரமான ஸ்ட்ரால்சுண்டில்.

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் என் அண்ணன் இராயப்பு தனியாளாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார். சமைப்பது யாழ்ப்பாணச் சாப்பாடு. ஜெர்மானியருக்கு விளங்கட்டும் என்று பலகையில் ‘தென்னிந்தியச் சாப்பாடு’ என்று எழுதியிருந்தார். என் கலியாணத்துக்குச் சமைத்தவரும் அவர்தான். என் கணவர் கொட்வினின் வீட்டார் அவரைப் பந்தியில் இருத்தவில்லை. சமையல்காரர் பிறகு சாப்பிடலாமாம்! அண்ணன் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் போனார். ஆறு வருடம் பேச்சே இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மாலை, அவராகவே தொலைபேசியில் அழைத்தார்.

“நாளைக்கு நண்டும் பலாக்கொட்டையும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுறன், பிள்ளை. ரெண்டு பேரும் வாங்கோ. மூண்டு பேருமா இருந்து குடிப்பம்.”

கொட்வினைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பேர்லினிலிருந்து ரயிலில் வந்தேன். கடைப் பலகையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

“எங்கட கலியாணத்தில தண்ணியும் குடிக்காமல் போன உம்மட அண்ணையின்ர படி மிதிக்கமாட்டன். தெற்குச் சாப்பாடுதான் வேணுமெண்டால் ஜெர்மனியில பவேரியாவும் தெற்குத்தான்.”

எதிரே இருந்த பவேரிய உணவகத்துக்குள் நுழைந்தார். வீம்புக்கென்றே பிறந்த மனிதர். வயிறு நிறைந்தால் இளகுவார், பிறகு கூட்டிப்போகலாம் என்று நானும் போனேன். அண்ணனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. அடுப்படியில் நிற்பார் என்று நினைத்தேன்.

பரிமாறும் பெண் மூன்று கரண்டி வைத்தாள். இரண்டு பேர்தான் என்றேன். என் பின்னால் பார்த்தாள்... ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மாவுருண்டை போட்ட இறைச்சி சூப் வந்தது. ஒரு வாய் வைத்தேன். செத்தல் மிளகாய் உறைத்தது. பழப்புளி. பிறகு, காய்ந்த பனங்கிழங்கை இடித்துக் கூழுக்குக் கரைக்கும் ஒடியல் மாவின் அந்தக் கைப்பு...

கிளறினேன். அடியில் பலாக்கொட்டை.

கொட்வினின் நெற்றியில் வியர்வை ஒழுகியது.

“நண்டு...” என்றார்.

டக்... டக்...

அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம். அண்ணன் அப்படித்தான் தட்டுவார்.

திரும்பினேன். வெறும் சுவர்.

கோப்பைகளைப் பார்த்தேன். இரண்டும் காலி. நான் குடித்தது ஒரே ஒரு வாய்...

அண்ணனின் கடைக்கு ஓடினேன். உள்ளே வெளிச்சம். கதவு பூட்டியிருந்தது. தட்டித் தட்டிக் கை நொந்தது.

“பாத்தீரோ? கூப்பிட்டிட்டுப் பூட்டிக்கொண்டு போட்டார்” என்று கொட்வின் என்னை ரயிலுக்கு இழுத்துப்போனார். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை பொலிஸ் அழைத்தது. அண்ணன் அடுப்படியில் விழுந்து கிடந்தாராம். மாரடைப்பு. வெள்ளி இரவே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

என்னை உள்ளே விட்டார்கள். ஒடியல் மாப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. ஆனால் மேசையில் மூன்று கோப்பைகள். இரண்டில் கூழ் குடித்து முடித்திருந்தது. ஒன்றில் பலாக்கொட்டைத் தோல், மற்றதில் நண்டுக் கோது.

மூன்றாவது நிறைய இருந்தது. ஏடு படிந்திருந்தது.

எங்களைக் குடிக்கவைத்துவிட்டு, அண்ணன் அன்றும் சாப்பிடவில்லை.