டீக்கடைப் பாட்டுக்குச் சொந்தக்காரர்

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அயர்லாந்தில் நர்ஸாம். லீவில் வந்திருக்கிறார்.

“கிடார் வச்சுக்கிட்டு டீக்கடைப் பாட்டு பாடுறது நீங்கதானே?”

பெருமையாகத் தலையாட்டினேன்.

“அங்க ஒரு காமெடியன் டீக்கடைக்குப் பதிலா தண்ணியடிக்கிற பாரை வச்சு இதே மெட்டுல, இதே ஜோக்கோட பாடுவாருங்க. நான் போனப்ப இருபது பேர்தான் இருந்தோம். பல வருஷமா இப்படியே ஊர் ஊராப் பாடுறாராம். அவர்கிட்ட கேட்டுத்தானே பண்ணீங்க?”

“ஆமாங்க” என்றேன்.

“அப்பச் சரி. உங்க வீடியோவை அவருக்கு அனுப்புறேன், சந்தோஷப்படுவாரு.”

ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் வாங்கிய நான் வழியில் மாம்பழச்சாலையிலேயே இறங்கிவிட்டேன்.

இப்போது அந்தக் காமெடியனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதென்றால் கமென்டில் திட்டுங்கள். மாதிரிக் கடிதம் மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம். இதையாவது சொந்தமாக எழுதுகிறேன்.